பத்து வெள்ளி சேர்த்து வாங்கிய தோட்டம்

சிலிம் ரிவர் வழியாகக் கூட்டரசு முதலாம் எண் சாலையில் மோட்டார் சைக்கிளில் வடக்கே போகிறவர், ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனையைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்ட தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை வைத்து என்ன செய்தார்கள்?

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த, பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கேட்டார். நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அன்றைய கூலியில் அது பெரிய தொகை. கொடுத்தார்கள்!

அப்படித்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்.

அந்தச் சங்கத்தில் தாத்தா பாட்டி வாங்கிய பழைய பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.