பொதியிற் பொருந்திய கடிகாரம்

கடிகாரம் காலங்காட்டுங் கருவி என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் பாரிஸ் நகரத்துக் கம்மியர் இயற்றிய கடிகாரங்கள் காலத்தோடு ஒரு கதையையுஞ் சேர்த்துக் காட்டின. செல்வர் இல்லங்களில், குளிர்காயும் அடுப்பின் மேலுள்ள பலகையில் வைத்தற்கென்றே அவை செய்யப்பட்டன. புராணக்கதை, காதற்கதை என்பவற்றோடு கடல்வாணிகமும் அவற்றிற்குப் பொருளாயிற்று. அவ்வகைக் கடிகாரத்தையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவற்றுள் ஒன்றற்கு 'மாத்லோ' என்று பெயர். மாலுமி என்பது அதன் பொருள். பஞ்சுப்பொதி யொன்றன் அருகே மாலுமி நிற்பான்; பொதியின் பக்கத்திலேயே வெள்ளை எனாமல் முகத்தட்டு பதிந்திருக்கும்; நங்கூரமும் பீப்பாயும் கயிற்றுச் சுருளும் உடனிருக்கும். வேறு சிலவற்றில் வணிகத்திற்குரிய உரோமத் தெய்வமாகிய மெர்க்குரி தோன்றும். உள்ளிருக்கும் பொறி எட்டு நாளைக்கு ஒருமுறை முடுக்கப்பெற்று, மணிக்கும் அரைமணிக்கும் ஒலிக்கும்.

மாலுமியைச் சற்று உற்றுநோக்குவோம். அவன் பெரும்பாலும் ஆப்பிரிக்கன். அவனுடல் கருநிறமேற்றிய வெண்கலம். கண் வெள்ளை எனாமல். ஆடையும் நங்கூரமும் பொதியும் பொன்முலாம் பெற்றவை. பொன்னுங் கருமையும் இவ்வாறு பங்கிடப்பட்டிருப்பது கண்ணுக்கு இனிதே, கருத்துக்கு அவ்வாறன்று. பிரெஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை 1794-இல் விலக்கியது; 1802-இல் நெப்போலியன் ஆட்சி அதனை மீண்டும் நிலைநாட்டியது; 1848-இலேதான் அது முற்றும் ஒழிந்தது. சர்க்கரையும் காப்பியும் பஞ்சும் விளைவித்தோர் விலங்குபூண்டிருக்க, அவர் இனத்தான் ஒருவன் செல்வர் கூடத்தில் நாழிகை யறிவித்து நின்றான்.

இனி, அப்பொன் ஏறியவாறு கூறுவோம். வார்த்தெடுத்த வெண்கல உறுப்புக்களை உளியாற் செதுக்கித் திருத்துவர். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்போற் குழைந்த கலவையாக்குவர். வெடியுப்புத் திராவகத்திற் கரைத்த இரசத்தை வெண்கலத்தின்மேல் முதலிற் பூசி, பின்னர் அக்கலவையைத் தூரிகையால் தடவி, கரிநெருப்பிற் காட்டுவர். இரசம் ஆவியாய் நீங்கும். பொன் மட்டும் உலோகத்தை விடாது பற்றிக்கொள்ளும். சிலவிடங்களை மெருகுகல்லாற் றேய்த்து ஒளிரச் செய்து, சிலவற்றை மங்கலாகவே விடுவர். இவ்வேறுபாட்டினாலேயே பொதியின் மடிப்பும் கயிற்றின் முறுக்கும் உண்மைபோல் தோன்றுகின்றன.

நீங்கிய ஆவி எங்கே சென்றது? முலாம் பூசுவோரின் மூச்சிற் சென்றது. கைகள் நடுங்கின, வாயில் நீர் ஓயாது ஊறியது, பற்கள் ஆடி விழுந்தன, பலர் இளமையிலேயே மாண்டனர். பிரெஞ்சு மொழியில் வணிகத் தெய்வத்திற்கும் பாதரசத்திற்கும் 'மெர்க்யூர்' என்னும் ஒரே பெயர் வழங்குகின்றது. கடிகாரத்தின்மேல் தெய்வமாக நின்றதும், பட்டறையில் நஞ்சாகப் புகைந்ததும் ஒரு பெயரினவே.

இத்துன்பத்தைத் தம் பட்டறையிற் கண்டு நெஞ்சுருகியவர் ஒருவர் இருந்தார். அவர் அந்துவான் அந்திரே ராவ்ரியோ. பேரரசனின் அரண்மனைகளுக்கு வெண்கல அணிகலன்கள் செய்தளித்தவர். ஓய்வில் நாடகமும் புனைந்தவர். 1814-இல் அவர் இறந்தபோது, முலாம் பூசுவோரை இரசப்புகையினின்று காக்கும் வழி கண்டுபிடிப்பவர்க்கு 3,000 பிராங்கு பரிசு அளிக்குமாறு மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்தார். தாம் செல்வம் ஈட்டிய தொழிலின் குற்றத்தை இங்ஙனம் ஒளியாது எழுதிவைத்தோர் அரியர் என்றே எண்ணுகின்றோம்.

அப்பரிசை 1818-இல் தார்ஸே என்னும் வேதியியலார் பெற்றார். அவர் கண்ட வழி எளிது. வேலை செய்யும் அடுப்பின் புகைபோக்கியில் தனியே ஒரு சிறு தீ மூட்டினார். அத்தீயால் வெம்மையுற்ற காற்று மேலெழ, பட்டறைக் காற்று அதன்பின் ஈர்க்கப்பட்டது. முலாம் பூசுவோனின் முகத்தை அணுகுமுன்னரே நச்சாவி மேல்நோக்கிச் சென்றது. ராவ்ரியோ அதனைக் காண இருந்திலர்.