பூமியைத் துளைத்து விளக்கேற்றும் கென்யா: தெரியுமா?

கென்யாவில் உற்பத்தியாகும் ஒவ்வொரு பத்து யூனிட் மின்சாரத்திலும் ஏறக்குறைய ஒன்பது யூனிட், நிலக்கரியோ டீசலோ எரிக்காமல் கிடைப்பது தெரியுமா? பணக்கார நாடுகள் பலவும் இன்னும் எட்டாத உயரம் இது! அந்த மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு, அதாவது மொத்தத்தில் பாதிக்குச் சற்றே குறைவு, எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள். வெயில் இல்லை, காற்று இல்லை, அணையும் இல்லை. காலுக்கடியில் கொதிக்கும் பூமியிலிருந்து!

ஆப்பிரிக்கக் கண்டம் கிழக்குப் பக்கம் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிளவுப் பள்ளத்தாக்கு கென்யாவின் குறுக்கே வடக்குத் தெற்காக ஓடுகிறது. அங்கே நிலத்தின் மேலோடு மெல்லியது, பாறைக்குழம்பின் சூடு வெகு அருகில். நைரோபிக்கு வடமேற்கே நைவாஷா ஏரி. அதன் தெற்குக் கரையோரம் ஒல்காரியா. இங்கே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை கிணறு தோண்டுகிறார்கள், தண்ணீருக்காக அல்ல, ஆவிக்காக! கிணற்றைத் திறந்ததும் வெந்நீரும் ஆவியும் கலந்து பீறிட்டு வரும். அதிலிருந்து ஆவியை மட்டும் பிரித்துக் குழாய் வழியே டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். மிச்ச வெந்நீர் வேறொரு கிணறு வழியாக மறுபடியும் பூமிக்குள்ளேயே போய்விடுகிறது.

இத்தனையும் நடப்பது ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவிலும் அதன் ஓரத்திலும்! வரிக்குதிரைகள் மேயும் புல்வெளி ஊடாகப் பளபளக்கும் ஆவிக்குழாய்கள் ஓடுகின்றன. தரையோடு தரையாக வரும் குழாய் சில இடங்களில் திடீரென்று வாசல் நிலைபோல உயர்ந்து, வளைந்து, மறுபுறம் இறங்குகிறது. ஏன் தெரியுமா? ஒட்டகச்சிவிங்கி தலை இடிக்காமல் கடந்து போகத்தான்! ஒரு மின்நிலையத்தின் வரைபடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் உயரத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இது ஒரே நாளில் கைகூடவில்லை. 1956-இல், சுதந்திரத்துக்கு முன்பே, இரண்டு கிணறுகள் தோண்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை விண்ணைத் தொட்டபோது தேடல் சூடுபிடித்தது. 1981-இல் முதல் இயந்திரம் ஓடியது: வெறும் 15 மெகாவாட்! இன்று நாட்டின் புவிவெப்ப நிலையங்களின் மொத்தத் திறன் 900 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உலகின் முதல் பத்து நாடுகளில் கென்யா ஒன்று, ஆப்பிரிக்காவில் முதலிடம்.

இந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தது எது? வறட்சி! அதுவரை நாட்டுக்கு மின்சாரம் தந்தவை பெரும்பாலும் டானா ஆற்றின் அடுக்கு அணைகள். 1999-2000 வறட்சியில் அணைகள் வற்ற, மின்வெட்டு நாட்டையே உலுக்கியது. மழை பொய்த்தாலும் பூமியின் சூடு பொய்க்காது என்பதைக் கென்யர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

காற்று மட்டும் சும்மா இருக்குமா? வடக்கே துர்கானா ஏரிக்கு அருகே, இரு மேட்டுநிலங்களுக்கு இடையே நெருக்கிப் பிழியப்பட்டு வரும் காற்று பேய்வேகத்தில் வீசுகிறது. அங்கே 365 காற்றாலைகள், 310 மெகாவாட்! ஆனால் 2017-இலேயே காற்றாலைகள் தயாராக நின்றும், 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்கம்பி வர ஒரு வருடத்துக்கு மேல் தாமதம். காற்று வீச வீச, மின்சாரம் போக வழியில்லை. 2018-இல்தான் இணைப்பு கிடைத்தது.

பூமிச்சூடு மின்சாரத்துக்கு மட்டுமல்ல: நைவாஷாவின் ஒசேரியன் பண்ணையில் ரோஜா வளர்த்த பசுமைக்குடில்களுக்கும் அதுதான் கதகதப்புத் தந்தது! நிலக்கரிக்கோ வழி திறக்கவில்லை: லாமு கடற்கரையில் வரவிருந்த 1,050 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் உரிமத்தை, உள்ளூர் மக்கள் தொடுத்த வழக்கில், 2019-இல் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ரத்து செய்தது. மின்சாரம் எட்டும் வீடுகளும் பெருகின: 2010-இல் கென்யர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். இப்போது நான்கில் மூவருக்கு! மின்கம்பி எட்டாத குடிசைகளிலோ, கைபேசியில் தினத்தவணை கட்டி சூரிய விளக்கு வாங்குகிறார்கள்.

மறைக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. ஒல்காரியாவின் நான்காம் நிலையத்துக்காக 2014-இல் மாசாய் குடும்பங்கள் வேறிடம் பெயர்க்கப்பட்டன. துர்கானா காற்றாலை நிலத்தின் பட்டாக்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021-இல் நீதிமன்றம் சொன்னது. தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுமாடு மேய்த்தவர்களைக் கேட்டு, அவர்களுக்குரியதைக் கொடுத்த பிறகே கம்பம் நட்டிருக்க வேண்டும். தூய மின்சாரம் என்பதற்காக இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இன்னொரு விந்தை! நள்ளிரவில் ஊர் தூங்கும்போது தேவை சரிந்துவிடும், ஆனால் பூமி தூங்காது. வாங்க ஆளில்லாமல் ஆவியை வெறும் காற்றில் திறந்துவிட வேண்டிய நிலை! அதனால்தான் 2023-இல் மின்வாகனங்களுக்கென்றே தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள், இரவில் ஏற்றினால் பாதி விலை. நைரோபியின் ‘போடா போடா’ பைக் டாக்ஸிகளில் பல இப்போது பேட்டரிக்கு மாறிவருகின்றன.