உப்பும் ஒளியும் கைப்பேசியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

படம் பிடிப்பது ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. பிலிம் சுருள் ஒன்றில் 36 படங்கள்தான் எடுக்கலாம். கழுவுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் தனிச் செலவு. எங்கள் வீட்டில் பழைய படம் என்று இருப்பது பெற்றோரின் திருமணப் படம் ஒன்றுதான். அதிலும் பாதியைப் பூஞ்சை தின்றுவிட்டது. இன்று உப்பளத் தொழிலாளியின் மகனான நானும் கையில் ஒரு கேமராவுடன் அலைகிறேன் என்றால் அது கைப்பேசி செய்த உபகாரம்.

ஞாயிறுதோறும் நானும் நண்பர்கள் இருவரும் பேருந்தேறித் தூத்துக்குடி மாவட்டக் கரையோரம் சுற்றி வருகிறோம். வேம்பார், தருவைகுளம், புன்னைக்காயல், திருச்செந்தூர், மணப்பாடு என்று பல ஊர்கள் பார்த்தாயிற்று. வகுப்பில் படிக்கும் இயற்பியல் அங்கே கண்ணெதிரே நடக்கிறது. அப்படிக் கற்றுக்கொண்ட சிலவற்றையும் நான் செய்த பெரும்பிழை ஒன்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏமாறும் கருவி

கைப்பேசிக் கேமராவின் உள்ளே, லென்சுக்குப் பின்னால் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிலிக்கான் சில்லு உள்ளது. அதில் பல லட்சம் நுண்கட்டங்கள். ஒளி விழும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அதிக ஒளி விழுந்தால் அதிக மின்னூட்டம். அந்த மின்னூட்டத்தை எண்ணாக மாற்றினால் படம் கிடைக்கிறது.

ஆனால் எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று கருவி எப்படி முடிவு செய்கிறது? எதிரே உள்ள காட்சி சராசரியாகச் சாம்பல் நிறம் கொண்டது, அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. தெருவிலும் வீட்டிலும் இக்கணக்குப் பெரும்பாலும் சரியாக வரும். வெண்மணலிலும் உப்பளத்திலும் வராது.

இதை நான் அம்மாவைப் படம் எடுத்தபோது உணர்ந்தேன். அம்மா அளத்தில் உப்பு வாருகிறார். ஒருநாள் காலை 10 மணிக்குப் போய்ப் பாத்தியில் நின்ற அம்மாவைப் படம் எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "என்னடா, என் மூஞ்சி கரிக்கட்டை மாதிரி இருக்கு!" என்று சிரித்தார். அருகே நின்ற அக்காமாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குறை அம்மாவின் முகத்தில் இல்லை. சுற்றிலும் உப்பு, கண் கூசும் வெண்மை. 'ஒளி மிக அதிகம்' என்று எண்ணிய கருவி ஒட்டுமொத்தமாக ஒளியைக் குறைத்துவிட்டது. உப்பு சாம்பலாயிற்று. தலைத்துண்டின் நிழலில் இருந்த முகம் இருண்டது. இப்போதைய கைப்பேசிகள் முகத்தைத் தாமே கண்டுகொள்ளும். எனினும் நிழலில் குனிந்திருக்கும் முகத்தைப் பல நேரம் தவறவிடுகின்றன.

இதற்கு வழி எளிது. திரையில் முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். பல கைப்பேசிகளில் சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். அதை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும். ஆனால் முகம் தெளியும்போது உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பல படங்களை வெவ்வேறு ஒளி அளவில் எடுத்து ஒன்றாக்கும் எச்.டி.ஆர். முறையும் உண்டு. அதில் ஆள் வேகமாக அசைந்தால் கை இரண்டாகத் தெரியலாம்.

எல்லாவற்றிலும் நல்ல வழி, நேரத்தை மாற்றுவதுதான். அளத்து வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். அடுத்த வாரம் சூரியன் எழும் நேரத்தில் போனேன். அப்போது கதிர்கள் நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீல ஒளி சிதறிப் போய் மென்மையான பொன்னொளி எஞ்சுகிறது. சாய்ந்து வரும் அந்த ஒளி தலைத்துண்டுக்குக் கீழேயும் புகும். காலடியில் கிடந்த உப்பு அந்த ஒளியைக் கீழிருந்து முகத்தில் வீசியது. ஸ்டூடியோக்களில் இதற்கென்றே வெள்ளைப் பலகை வைப்பார்கள். முன்பு பகையாக நின்ற உப்பே இப்போது துணையாக வந்தது. அம்மாவின் முகம், நெற்றிச் சுருக்கம் உட்பட, அழகாக விழுந்தது.

நான் செய்த பிழை

அக்டோபர் மாதம் மணப்பாடு சென்றோம். அலையைத் தாழ்வாக எடுக்க வேண்டும் என்று மண்டியிட்டேன். ஒரு பெரிய அலை என்னையும் கைப்பேசியையும் சேர்த்து நனைத்தது. துடைத்துப் பார்த்தேன், திரை எரிந்தது. 'தப்பித்தோம்' என்று வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டேன். அன்றிரவே அது அணைந்துவிட்டது. அதன்பிறகு எழவில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. உப்பின் அயனிகள் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நீரை மின்னாற்பகுக்க 1.23 வோல்ட் போதும். சார்ஜர் தருவதோ 5 வோல்ட். நான் சார்ஜர் செருகியபோது கைப்பேசிக்குள் ஒரு மின்னாற்பகுப்புக் கலத்தையே ஓடவிட்டேன். கடைக்காரர் பிரித்துக் காட்டியபோது செப்புப் பாதைகளில் பச்சை பூத்திருந்தது.

பக்கத்து வீட்டார், "அரிசியில் புதைத்து வை" என்றார்கள். நானும் புதைத்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "உப்புத் தண்ணி காஞ்சா உப்புதானேடா மிஞ்சும்?"

பள்ளிக்கூடம் அதிகம் போகாத அம்மா சொன்னதுதான் முழு உண்மை. கடல்நீர் சுமார் 3 டிகிரியில் பாத்திக்கு வந்து, வெயிலில் வற்றி 25 டிகிரி ஆகும்போது உப்பு விளையும் என்பதை அளத்தில் எல்லாரும் அறிவர். என் கைப்பேசிக்குள்ளும் அதுவே நடந்தது. அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உப்பை இழுக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு மீண்டும் நீர்விடும். அரிப்பு மறுபடி தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆகவே கடல்நீர் பட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் செய்யாதீர்கள். சிம்மைக் கழற்றி, துடைத்து, தாமதமின்றிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். 'ஐ.பி.68' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது.

இன்னொரு எச்சரிக்கை, கருவியைப் பற்றியதல்ல. தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் நீண்ட அலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். இதைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளுக்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அலையைப் படம் எடுக்கப் புறப்படுமுன் அதே கைப்பேசியில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மிஞ்சிய ஒரு படம்

கைப்பேசியோடு இரண்டு மாதப் படங்களும் போயின. பழைய கைப்பேசி ஒன்று வாங்க 4,500 ரூபாய் ஆயிற்று. மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை. அம்மா சேர்த்து வைத்த பணத்தை எடுத்துத் தந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடங்களும் கைப்பேசியில்தானே வருகின்றன என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மாவின் விடியற்காலைப் படம் மட்டும் தப்பியது. திருப்பூரில் இருக்கும் சித்திக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். ஆனால் வந்தது முழுப் படம் அன்று. 4,000 புள்ளி அகலமிருந்த படத்தைச் செயலி 1,600 புள்ளியாகச் சுருக்கிவிட்டிருந்தது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மூலப் படம் இருந்திருந்தால் 13 அங்குல அகலத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். இப்போது 5 அங்குலத்துக்குச் சற்று மேல், அஞ்சலட்டை அளவுதான். படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது என்பதை அப்புறம்தான் அறிந்தேன்.

அந்தச் சிறு படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு படம் இருக்கும். இன்றே அதற்கு ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். தை பிறந்து அளங்கள் மீண்டும் தொடங்கும்போது, விடியற்காலையில் நானும் போவேன். இம்முறை முழு அளவில் எடுப்பேன்.