சைடு வீல் ஸ்கூட்டருக்கு எந்த இன்சூரன்ஸ்? வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று காகிதங்கள்



நாகர்கோவில் இடலாக்குடியில் ஒரு வாப்பா. இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் கடைக்குப் போகிறார், பள்ளிவாசலுக்குப் போகிறார், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். வண்டி வாங்கும்போதே ஐந்து வருட இன்சூரன்ஸ் போட்டாகிவிட்டது என்பதால் வீட்டில் யாருக்கும் கவலையில்லை. மூன்றாவது வருடம் ஒரு மழை நாளில் கோட்டாறு அருகே வண்டி சறுக்கி விழுகிறது. அவருக்கு இடுப்பெலும்பு முறிவு, வண்டியும் நொறுங்கிவிட்டது. பாலிசியை எடுத்துப் பார்த்தால், அவருக்கும் ஒரு ரூபாய் இல்லை, வண்டிக்கும் ஒரு ரூபாய் இல்லை.

இது கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. காலில்லாதவருக்கு அந்த வண்டிதான் கால். அது நின்றுவிட்டால் வருமானமும் நின்றுவிடும். ஆகவே இந்த வண்டிக்கு எந்தக் காப்பீடு தேவை, எது கட்டாயம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மூன்று காகிதங்கள்

எந்த நிறுவனத்தின் பாலிசி மலிவு என்று தேடுவதற்கு முன்னால் ஆர்சி புக், ஓட்டுநர் லைசென்ஸ், இன்சூரன்ஸ் பாலிசி ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வண்டியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் இத்தகைய வண்டி முன்பு 'இன்வாலிட் கேரியேஜ்' எனப்பட்டது. 2019ல் வந்த திருத்தம் அந்தப் பெயரை நீக்கி 'அடாப்டட் வெஹிக்கிள்' (மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைக்கப்பட்ட வாகனம்) என்று வைத்தது. உடல் குறைபாடு உள்ளவருக்காகவே வடிவமைக்கப்பட்டு அல்லது மாற்றப்பட்டு, அவர் மட்டுமோ அவருக்காக மட்டுமோ பயன்படுத்தப்படும் வாகனம் என்பது அதன் பொருள்.

சாதாரண ஸ்கூட்டரை வாங்கி, பிறகு பட்டறையில் சைடு வீல் மாட்டுபவர்கள் உண்டு. சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி இந்த மாற்றத்திற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆர்சி புக்கிலும் பதிவாக வேண்டும். டிஎன் 74 வண்டியானால் நாகர்கோவில் அலுவலகம், டிஎன் 75 ஆனால் மார்த்தாண்டம் அலுவலகம். பதிவு செய்யாமல் ஓட்டினால், ஆர்சி புக்கைப் பொறுத்தவரை அது இரண்டு சக்கர வண்டிதான். விபத்துக்குப் பின் வரும் சர்வேயர் பார்ப்பதோ நான்கு சக்கரம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

லைசென்ஸும் அப்படியே. இந்த வகை வாகனத்தை ஓட்ட அதற்குரிய அனுமதி லைசென்ஸில் இருக்க வேண்டும். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியபோது ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழியுண்டு. 2004ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

வீட்டில் மகன்கள் இருந்தால் ஒரு வார்த்தை: வாப்பாவின் வண்டியை அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். வண்டி அவருக்காக மட்டும் என்பதே அதன் சட்ட அந்தஸ்து.

கட்டாயமான காப்பீடு

சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

உங்கள் வண்டியால் அடிபடும் வழிப்போக்கருக்கான காப்பீடு இது. மரணம், காயம் இரண்டுக்கும் நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும். அதற்கு உச்சவரம்பு இல்லை. இருசக்கர வாகன பாலிசியில் பிறர் பொருளுக்கான சேதத்துக்கு மட்டும் 1 லட்சம் ரூபாய் வரை.

பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. வண்டி இருசக்கர வாகன வகையில் வந்தால், 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள ஸ்கூட்டருக்கு வருடத்துக்கு 714 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 3 கிலோவாட் வரையுள்ள மின்சார ஸ்கூட்டருக்கு 457 ரூபாய். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதே தொகைதான் என்பதால் இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

'ஐந்து வருட இன்சூரன்ஸ்' என்ற தவறான நிம்மதி

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே வாங்க வேண்டியதாயிற்று.

ஐந்து வருடம் என்பது மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும்தான். சொந்தச் சேதத்துக்கும் உரிமையாளரின் உயிருக்கும் உள்ள காப்பீடு பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். மேலே சொன்ன வாப்பாவுக்கு நேர்ந்தது இதுதான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் அரசின் விலையில்லா இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் பெற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாலிசியில் இரண்டு மூன்று முடிவுத் தேதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் எதற்கான தேதி என்று படித்து, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும்

மூன்றாம் நபர் காப்பீட்டில் உரிமையாளருக்கு எதுவும் கிடைக்காது. அவருக்கென்று 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு' தனியாக இருக்கிறது. தொகை 15 லட்சம் ரூபாய். மரணம், நிரந்தர முழு ஊனம், இரு கைகால்கள் அல்லது இரு கண்களின் இழப்பு ஆகியவற்றுக்கு முழுத் தொகை. ஒரு கை அல்லது கால், ஒரு கண் இழப்புக்குப் பாதி. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரே, செல்லத்தக்க லைசென்ஸுடன் ஓட்டியிருக்க வேண்டும். வண்டி மகன் பெயரில் இருந்து வாப்பா ஓட்டினால் இது அவருக்குக் கிடைக்காது. எலும்பு முறிவுக்கான மருத்துவமனைச் செலவும் இதில் வராது. அதற்கு மருத்துவக் காப்பீடுதான்.

பின்னால் உட்காரும் மனைவி, பேத்தி? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பாலிசி பின்னால் இருப்பவரைக் காக்காது என்று 2006ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' எனப்படும் முழுமையான பாலிசியில் அவர்களும் அடங்குவர். குடும்பத்தை ஏற்றிச் செல்பவர் முழுமையான பாலிசி எடுக்க இதுவே முதல் காரணம். ஆர்சி புக்கில் எத்தனை பேருக்கு இருக்கை குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கான காப்பீடும் 50 சதவீதத் தள்ளுபடியும்

விபத்து, திருட்டு, தீ, புயல், வெள்ளம் இவற்றால் வண்டிக்கு வரும் சேதத்துக்கு 'சொந்தச் சேத' காப்பீடு. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2017 ஒக்கி புயலையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அதனால் எஞ்சின் பழுதானால் நிறுவனம் மறுக்க வாய்ப்பு அதிகம்.

பலருக்கும் தெரியாத சலுகை ஒன்று இங்கே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வாகனத்துக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்று இந்திய மோட்டார் கட்டண விதித் தொகுப்பில் உள்ளது. 'ஐஎம்டி 12' என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சொந்தச் சேதப் பகுதிக்கு 1,000 ரூபாய் வந்தால் 500 குறையும். இதற்கும் ஆர்சி புக்கில் மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாம் நபர் கட்டணத்தில் இந்தத் தள்ளுபடி கிடையாது.

அடுத்தது சைடு வீல் அமைப்பின் விலை. வண்டிக்கான காப்பீட்டு மதிப்பு கம்பெனி விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது வருடத்தில் 20 சதவீதமும், ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதமும் கழியும். வெளியில் மாட்டிய சக்கர அமைப்பு அந்த விலையில் சேராது. பில்லைக் காட்டி, கூடுதல் பொருத்துமானமாக அதன் மதிப்பைத் தனியாகப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், அது உடைந்தாலும் ஸ்கூட்டரின் பாகங்களுக்கு மட்டுமே பணம் வரும்.

பேட்டரி சக்கர நாற்காலிக்கு?

25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் 250 வாட்டுக்கும் குறைந்த திறனும் கொண்டு, உரிய சோதனைச் சான்றும் பெற்ற பேட்டரி வண்டிகள் விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் வேண்டாம், கட்டாயக் காப்பீடும் இல்லை. வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் விபத்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். பிரிட்டனில் உள்ள சொந்தங்கள் 'மொபிலிட்டி ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லையே' என்பார்கள். அங்கே அது மணிக்கு 8 மைலுக்கு மேல் போகாத வண்டி. நம்மூர் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் வீடுகளில் பலர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். தயக்கத்திற்கு அடிப்படை உண்டு. நிச்சயமின்மை (கரர்), வட்டி, சூதாட்டத்தின் சாயல் ஆகியவை கலந்திருப்பதால், வணிகக் காப்பீடு கூடாது என்றும் பரஸ்பர ஒத்துழைப்புக் காப்பீடு கூடும் என்றும் 1985ல் ஜித்தாவில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. அந்த வழியில் வந்ததுதான் தகாஃபுல். மலேசியா 1984லேயே அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தகாஃபுல் இயங்குகிறது. இந்தியாவில் அப்படி உரிமம் பெற்ற நிறுவனம் இல்லை.

ஆகவே சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் உலமாக்கள் பொதுவாக அனுமதிக்கின்றனர். சொந்தச் சேதம் போன்ற விருப்பக் காப்பீடுகளில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் நிலைமையை, அதாவது இந்த வண்டி போனால் வேறு வழி உண்டா என்பதை, நீங்கள் நம்பும் ஆலிமிடம் சொல்லிக் கேளுங்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. தவறுதலாக ஒரு உயிர் போனால் அதற்கான தியத்தை கொன்றவரின் குலத்தார் (ஆகிலா) பங்கிட்டுக் கொடுக்கும் முறை ஷரீஅத்தில் உண்டு. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் வெறுங்கையுடன் நிற்கக் கூடாது என்பதே நோக்கம். நம் வண்டியால் அடிபடும் ஏழைக்கு இழப்பீடு சேர்வது அவருடைய உரிமை, ஹுகூகுல் இபாத். 'என்னிடம் பணமில்லை' என்ற பதில் அந்த உரிமையை அழித்துவிடாது.

மறுத்தால் எங்கே போவது?

விபத்து நடந்தவுடன் படம் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள், யாருக்காவது காயமென்றால் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். சர்வேயர் பார்க்கும்முன் வண்டியைப் பிரிக்க வேண்டாம். உரிய காரணமின்றி நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 155255 என்ற இலவச எண்ணில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமும் வக்கீலும் இல்லாமல் மனு கொடுக்கலாம்.

ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் சைடு வீல் வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் ஒரு முறை பாலிசி தேதியைக் கேளுங்கள். புதுப்பிக்க வசதியில்லாதவருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஜிஎஸ்டியோடு சேர்த்து 850 ரூபாய்க்குள்தான். ஒரு சதக்காவில் முடிந்துவிடும் காரியம். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து காப்பானாக.