ஈரப் பாறையில் வளரும் வாற்பேத்தை

வாற்பேத்தை எங்கே வளரும் என்று கேட்டால், கலேவெலப் பிள்ளைகள் உடனே குளத்தைக் காட்டுவீர்கள். சிலர் வயல் வாய்க்காலைச் சொல்வீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் நமது மாத்தளை மாவட்டத்திலேயே, குளத்தைக் காணாமலே பெரிதாகும் வாற்பேத்தை ஒன்று இருக்கிறது. தென்கிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர்தான் அதன் வீடு. ஓடையோரப் பாறைமேல் நீர் மெல்லிசாகக் கசிந்து வழிந்தால் அதற்குப் போதும். அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். யாராவது கிட்டே போனால் பாறைமேல் துள்ளி நகர்ந்துவிடும்!

தாய் தகப்பனும் பாறைவாசிகளே. உடல் தட்டையாக இருப்பதால் குறுகிய வெடிப்புக்குள் அவை எளிதாக நுழைந்துகொள்ளும். முட்டையிடுவதும் ஈரமான வெடிப்புகளில்தான். நன்னோபிரிஸ் மார்மொராட்டா என்பது இந்தத் தவளையின் அறிவியல் பெயர். விலங்கியலாளர் கீர்த்திசிங்க 1946 இல் இதனை உலகுக்கு விவரித்தார். நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. இதன் நெருங்கிய உறவான இன்னொரு பாறைத் தவளை இனம் இலங்கையில் அழிந்தே போய்விட்டது.

பாறையில் ஈரம் காயாமல் இருப்பது எப்படி? நக்கிள்ஸின் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1906 மீற்றர் உயரம். அந்த உயரத்துக் காட்டுக்குள் அடிக்கடி மேகமே இறங்கி வரும். இலையிலும் பாசியிலும் பனிமூட்டம் படிந்து, துளித்துளியாகச் சொட்டி மண்ணுக்குள் இறங்கும். மண் அதைப் பிடித்து வைத்து, மழையில்லாத நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். காட்டை வெட்டினால் இந்தச் சொட்டு நின்றுவிடும். கோப்பித் தோட்டக்காரர்கள் மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த 1873 இலேயே, 5000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாது என்று அன்றைய அரசு தடை போட்டது. பிற்காலத்தில் நக்கிள்ஸ் காட்டுக்குள் ஏலம் பயிரிட்டார்கள். பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே இருந்த சிறு மரங்களையும் செடிகளையும் துப்புரவாக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தெரியும். உள்ளே நிழலும் ஈரமும் குறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நடந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படி நடந்து போகும் ஆய்வாளர்கள் ஓடையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சதுரச் சட்டத்தில் வலை பொருத்திய ஒரு கருவியை, நீர் ஓடி வரும் திசைக்கு வாய் காட்டி ஓடையின் அடியில் வைப்பார்கள். சட்டத்துக்குள் கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையால் தேய்ப்பார்கள். கல்லில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு உயிர்கள் நீரோடு வலைக்குள் போகும். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவார்கள். தும்பியின் குஞ்சு, மணலை ஒட்டித் தனக்கு உறை கட்டும் புழு, மூன்று வால் இழைகளை ஆட்டும், மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சு எல்லாம் அதில் இருக்கும். 1970 இல் ஒஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகமும் களனியிலிருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நம் நாட்டு ஓடைகளில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தின. பல பூச்சி இனங்கள் அதனால்தான் அறிவியலுக்குத் தெரியவந்தன.

பூச்சிக் குஞ்சை ஏன் எண்ண வேண்டும்? குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும். கடல் மட்டத்தில் 10 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். 30 பாகையில் 7½ தான். மேஃபிளைக் குஞ்சுகளில் பல இனங்கள் ஒட்சிசன் குறைந்தால் தாங்கமாட்டா. நிழல் தந்த மரம் போய் நீர் சூடானாலும், தோட்டத்து மண் அடித்து வந்து கல்லிடுக்குகளை மூடினாலும், முதலில் காணாமற்போவது அவைதான். கண்ணுக்கு ஓடை தெளிவாகத் தெரிகிற நாளிலும் தட்டிலுள்ள கணக்கு உண்மையைச் சொல்லிவிடும். ஒரு போத்தல் நீரைச் சோதித்தால் அன்றைய நிலை மட்டுந்தான் தெரியும். இந்தக் குஞ்சுகளோ பல வாரங்கள், மாதங்கள் அதே ஓடையில் வாழ்ந்தவை. அதனால் எனக்கு அவற்றின் சாட்சியில்தான் நம்பிக்கை அதிகம்.

இரவில் ஆய்வாளர்களின் வேலை வேறு. டோர்ச் வெளிச்சத்தில் கிளை நுனிகளைப் பார்த்தபடி நடப்பார்கள். ஓணான்கள் அங்கேதான் தூங்கும். மூக்கில் இலைபோன்ற சதை நீட்டிய ஓணான் ஒன்று நக்கிள்ஸில் மட்டுமே உண்டு. இன்னொன்று கொபோட்டிஸ் தும்பர என்னும் குட்டி ஓணான். அது தனி இனம் என்று 2006 இல்தான் அறிவித்தார்கள். அது முட்டையிடாது, குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிப்பது கடினம். முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் தாய் வெயிலில் காயும்போது உள்ளே இருப்பதும் சூடு பெறும்.

நக்கிள்ஸ் ஓடைகளின் நீர் நம் ஊர்ப் பக்கமும் வருகிறது. இந்த மலையின் மேற்குச் சரிவு நீர் சுது கங்கையில் சேர்ந்து, அம்பன் கங்கையாகிப் போவத்தென்ன வரை வருகிறது. அங்கிருந்து சுரங்க வழியே திருப்பிவிடப்படும் நீர், தம்புலு ஓயா வழியாக, கலேவெலக்கு அடுத்த கலாவாவிக்கு வந்து சேர்கிறது.

பாடசாலைச் சுற்றுலாவில் நக்கிள்ஸிலுள்ள றிவஸ்டனுக்குப் போனால், ஓடைக் கல்லைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும். பார்க்க விரும்பினால் ஆசிரியரோடு சேர்ந்து, ஒரு கல்லை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். பார்த்ததும், முன்பு கீழே இருந்த பக்கமே மறுபடி கீழே வரும்படி வையுங்கள். அடிப்பக்கம் மேலே வந்துவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் மீனுக்கும் அகப்பட்டுவிடும்.