மேலே ஏறும் டிகாக்ஷன்

நம் ஃபில்டரில் டிகாக்ஷன் கீழே இறங்கும். இத்தாலிக்காரர் வீட்டு மோக்கா பானையில் அது மேலே ஏறும். மும்பைப் பக்கம் மாட்டுங்கா, செம்பூர், தாணே என்று பரவியிருக்கும் நம்மவர் சமையலறைகளுக்குள் பாஸ்தா எப்போதோ நுழைந்துவிட்டது. இத்தாலிய வீட்டுச் சமையலில் ஆசை வைத்தவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. அந்த நாட்டு வீடுகளில் பொழுது விடிவது இந்த எண்கோணப் பானையின் வாசத்தில்தான்.

வட இத்தாலியில் க்ருசினால்லோ என்ற ஊரில் அலுமினியப் பட்டறை வைத்திருந்த அல்ஃபோன்சோ பியாலெட்டி 1933-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை திடமான காப்பி வேண்டுமென்றால், பெரிய இயந்திரம் வைத்திருக்கும் கடைக்குப் போக வேண்டும். போருக்குப் பிறகு மகன் ரெனாத்தோ விளம்பரங்களாலேயே இதை வீட்டுக்கு வீடு சேர்த்தார். 2016-இல் அவர் காலமானபோது, அஸ்தியைப் பெரிய மோக்கா பானை ஒன்றில்தான் வைத்தார்கள்.

பானைக்கு மூன்று பாகங்கள். அடியில் தண்ணீர் அறை. அதன் பக்கவாட்டில் பித்தளையில் சின்னதாக ஒரு பாதுகாப்பு வால்வு. தண்ணீர் அறைக்குள் புனல் ஒன்று இறங்கும். புனலின் தலையில் உள்ள துளைத்தட்டுக் கிண்ணத்தில் காப்பிப்பொடி. மேலே கூஜா, அதன் நடுவில் நிற்கும் குழாய் வழியாகக் காப்பி வந்து கொட்டும். மேலும் கீழும் திருகிச் சேரும் இடத்தில், குக்கரில் இருப்பதுபோல ஒரு ரப்பர் கேஸ்கட்.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? கொதித்துப் பொங்கி ஏறுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கொதிநிலை வரவே தேவையில்லை. அடியறையில் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. சூடேறினால் அந்தக் காற்று விரியப் பார்க்கும். இடமில்லாததால் அழுத்தம் கூடும். கூடவே தண்ணீரும் ஆவியாகிறது. 80 டிகிரி செல்சியஸில் நீராவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. இரண்டும் சேர்ந்து தண்ணீரை மேலிருந்து அமுக்க, அது போக வேறு வழியின்றிப் புனலில் ஏறிப் பொடிக்குள் புகுகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு வந்த, இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலில் நீராவி பிஸ்டனைத் தள்ளியது. இங்கே தண்ணீரைத் தள்ளுகிறது.

கடையில் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் தரும் அழுத்தம் ஒன்பது பார் அளவு. மோக்காவில் அதில் சிறு பங்குதான். அதனால் கடைக்காப்பியின் கெட்டி நுரை இதில் வராது. நேப்பிள்ஸ் பக்கத்து வீடுகளில் அதற்கு அழகான கைவேலை ஒன்று வைத்திருக்கிறார்கள். முதலில் வரும் சில சொட்டுகள்தான் ஆகத் திடமானவை. அவற்றை மட்டும் கிண்ணத்துச் சர்க்கரையில் விட்டு, ஸ்பூனால் விடாமல் அடிப்பார்கள். பழுப்பாக இருந்த ஈரச் சர்க்கரை மெல்ல வெளுத்து, வெண்ணெய்போல் குழையும். மிச்சக் காப்பியை அதன்மேல் ஊற்றினால் நுரை மேலே எழுந்து நிற்கும். இரண்டு நிமிடக் கைவலி. ஆனால் அந்த முதல் வாய்க்கு ஈடில்லை.

கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டம். அடியறையில் தண்ணீர் மட்டம் புனலின் வாய்க்குக் கீழே போனதும் தண்ணீரோடு ஆவியும் பீறிட்டு, ‘களக் களக்’ என்று சத்தம் வரும். அதன்பின் வருவது கசப்பு. சத்தம் ஆரம்பிக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். பொடியை அமுக்கக் கூடாது. ஃபில்டரில் பொடிக்கு மேல் தட்டு வைத்து அழுத்திப் பழகிய கைக்கு இதுதான் சிரமம்.

இத்தாலியர்களுக்குப் பாலே பிடிக்காது என்பது தவறான எண்ணம். காலையில் அகலக் கோப்பையில் சூடான பாலும் மோக்கா காப்பியும் கலந்து பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுவது அங்கே சாதாரண வீட்டு வழக்கம். திராமிசு செய்ய பிஸ்கட் நனைப்பதும் பெரும்பாலும் இந்தக் காப்பியில்தான். கொட்டையும் அந்நியமல்ல: இந்தியக் காப்பியை வாங்கும் நாடுகளில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருப்பது இத்தாலி. நம் மலைகளில் விளையும் ரொபஸ்டா அங்கே எஸ்பிரெஸ்ஸோ கலவைகளுக்குத் திடம் கூட்டுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அலுமினியப் பானை இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. அதற்கு அடிப்பாகம் ஸ்டீலில் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். பானையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் சோப்பின் காரத்தில் கறுத்துவிடும். வெந்நீரில் அலசித் துடைத்தாலே போதும். மூன்று கோப்பை என்று எழுதியிருந்தால் அது இத்தாலியச் சின்னக் கோப்பைக் கணக்கு; நமக்குப் பால் சேர்த்து இரண்டு பேருக்குத்தான் வரும். பக்கவாட்டில் காப்பி கசிந்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள்.

முக்கியமானது பொடி. சிக்கரி தண்ணீரில் சீக்கிரம் கரைந்து பிசுபிசுத்து, மோக்காவின் துளைகளை அடைக்கப் பார்க்கும். அடுத்த முறை மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்கும்போது, வழக்கமான கலவையோடு கால் கிலோ பீபெரிக் கொட்டையைச் சிக்கரி சேர்க்காமல், ஃபில்டருக்குத் தருவதைவிடச் சற்றுக் கொரகொரப்பாகத் தனியே அரைக்கச் சொல்லி வாங்கி வாருங்கள்.