சேவாகிராமத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி

விடுமுறைக்கு ஊருக்குப் போக நாக்பூரில் சென்னை வண்டி ஏறும் நம்மவர்கள், சுமார் ஒரு மணி நேரத்தில் சேவாகிராம் என்ற மஞ்சள் பலகையைக் கடக்கிறோம். முன்பு வார்தா கிழக்கு என்று பெயர் கொண்டிருந்த நிலையம் அது. காந்தியடிகளின் ஆசிரமம் அந்த ஊரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் அருகில் 50 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மருத்துவக் கல்லூரி நடந்து வருவதும், அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையும் பலருக்குத் தெரியாது.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில் இப்போது நீட் தேர்வுப் பேச்சுதான். எத்தனை மதிப்பெண் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்கிறோம். அங்கே பிள்ளைக்கு என்ன கற்றுத்தருவார்கள் என்று விசாரிப்பவர் குறைவு.

நான் மருத்துவன் அல்ல. ரயில் பாதைப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன். இருந்தும் இதை எழுத ஒரு காரணம் உண்டு. 1980-களின் நடுவில் என் செக்‌ஷனில் ஒரு கேங்மேன் இருந்தார். நல்ல உழைப்பாளி. ஒரே வருடத்தில் ஆள் வெளுத்து, சம்மட்டியைத் தூக்கவே மூச்சு வாங்கும்படி ஆகிவிட்டார். மூன்று முறை மருத்துவமனைக்குப் போனார். மூன்று முறையும் டானிக் பாட்டிலோடு திரும்பினார். நான்காம் முறை அங்கே புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், சீட்டு எழுதும் முன் இரண்டு கேள்வி கேட்டார்: "காலில் செருப்பு உண்டா? வெளிக்குப் போவது எங்கே?"

மலத்தைப் பரிசோதித்ததில் கொக்கிப்புழு தெரிந்தது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் மண்ணில் வளரும் அந்தப் புழுவின் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். புழுவுக்கு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்களில் ஆள் தேறி வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் நடுவில் சம்பளமில்லாமல் போன நாட்களில் அவர் மகளின் படிப்பு நின்றது நின்றதுதான்.

அந்த இரண்டு கேள்விகளை ஒரு டாக்டருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? சேவாகிராம் கல்லூரியைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு; அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். நம் தலைமுறையினர் ஹவுஸ் சர்ஜன் என்போம். முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பிறகு நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதற்குமேல் சமூக மருத்துவம், சட்ட மருத்துவம், பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என்று போகும். இது நாடெங்கும் பொது.

சேவாகிராமின் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியை, காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியவர் டாக்டர் சுசீலா நய்யார். காந்தியடிகளின் மருத்துவராக இருந்தவர். 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சர். நகரத்தில் படித்தவர்கள் கிராமத்துக்குப் போக மறுக்கிறார்கள் என்றால், கிராமத்திலேயே படிக்க வைப்போம் என்பது அவர் எண்ணம்.

சேர்ந்தவுடன் மாணவர்கள் சுமார் இரண்டு வாரம் ஆசிரமத்தில் தங்குவார்கள். விடியற்காலைப் பிரார்த்தனை, இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்தல், நூல் நூற்றல் எல்லாம் உண்டு. உடுப்பது கதர். அடுத்து, முதலாண்டு மாணவர் அணி முழுவதும் ஒரு கிராமத்தை ஏற்றுக்கொண்டு, அங்கே இரண்டு வாரம் முகாம் போடும். ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்களைக் கொடுத்துவிடுவார்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, அடுப்புப் புகை எங்கே போகிறது, குழந்தைக்கு எடை எவ்வளவு, தடுப்பூசி போட்டாயிற்றா என்று அவர் கேட்டு எழுத வேண்டும். முகாம் முடிந்த பிறகும் அதே குடும்பங்களுக்குப் போய்வர வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு என் பயிற்சிக்காலம் நினைவுக்கு வந்தது. வரைபடத்தில் பாதையைப் படித்துவிட்டு வந்த எங்களை, முதலில் கீமேனோடு நடக்க விட்டார்கள். சாவி தளர்ந்திருக்கிறதா, எந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவரோடு நடந்தபோது தெரிந்தவைதான்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் அங்கே படித்தாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி என்று வளர்ந்த பெண். கிராமத்துப் பாட்டி 'அஷக்தபணா' என்று சொன்னபோது முதலில் திணறிப்போனாளாம். பலவீனம் என்று பொருள். சோகையும் அதற்குள் அடங்கும், காசநோயும் அடங்கும், மருமகளோடு மனத்தாங்கலும் அடங்கும். நம்மூர் டாக்டர் 'என்ன செய்யுது?' என்று கேட்பதுபோல் 'காய் ஹோதய்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பதில் வந்தது என்றாள்.

ஆராய்ச்சி என்றால் பெரிய பட்டம் பெற்றவர்கள் செய்வது என்று நினைக்கிறோம். ஐ.சி.எம்.ஆர். 1979-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், எம்.பி.பி.எஸ். மாணவரே ஒரு பேராசிரியர் துணையோடு இரண்டு மாத ஆய்வு செய்து அறிக்கை தரலாம். அதற்கு உதவித்தொகையும் உண்டு. சேவாகிராமில் யானைக்கால் நோய் பற்றிய ஆய்வு பல ஆண்டுகள் நடந்தது. டாக்டர் உல்லாஸ் ஜாஜு அங்கே கிராம மக்களுக்காக ஒரு மருத்துவக் காப்பீடு நடத்தினார். அறுவடையின்போது சோளத்தைச் சந்தாவாகக் கொடுத்துச் சேரலாம். கையில் ரொக்கம் இல்லாதவரும் படுக்கையில் சேர வழி கண்டதால், இதையும் ஆராய்ச்சி என்றுதான் சொல்வேன்.

இப்போது நாடு முழுவதும் ஒரு மாற்றம் வந்துள்ளது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், நோயாளியோடு பேசும் முறையும் மருத்துவ அறநெறியும் பாடமாகிவிட்டன. தொடக்கத்தில் நடக்கும் அடிப்படை வகுப்புகளில் உள்ளூர் மொழியும் கற்றுத்தருகிறார்கள். 2021-22-இல் சேர்ந்தவர்கள் முதல், எல்லா மருத்துவக் கல்லூரி மாணவர்களும் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து கவனிக்க வேண்டும். சேவாகிராமில் முன்பே இருந்த பழக்கம், இன்று எல்லோருக்கும் விதியாகியிருக்கிறது.

விதி காகிதத்தில் நின்றுவிடாமல் பார்ப்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், 'கிராமத்துக்குப் போகும் நாளில் லீவு போட்டுவிட்டுப் படி' என்று சொல்லாதீர்கள். அடுத்தவர் மொழியைப் பேசிப் பிழைக்கத் தெரிந்த குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேகமாக வரும். விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும், மதிப்பெண் கேட்கும் முன் அந்தக் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். என் கேங்மேனின் மகளைப் போன்ற ஒரு பெண் அவற்றில் ஒரு வீட்டில் இருக்கலாம்.